பெருவுக்கு முதல் பயணமா? உயரத்தைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

பெரு என்றாலே இன்காக்கள் (ஸ்பானியர் வரும் முன் அங்கே ஆண்டவர்கள்) கட்டிய மலை நகரமான மச்சு பிச்சுதான் நினைவுக்கு வரும். படங்களில் பார்த்தால் அது ஏதோ மேகத்துக்கு மேலே இருப்பது போலத் தோன்றும். ஆனால் அதன் உயரம் 2,430 மீட்டர்தான். ஊட்டியைவிடக் கொஞ்சம் அதிகம், தொட்டபெட்டாவைவிடக் குறைவு. அங்கே போக எல்லோரும் விமானத்தில் வந்து இறங்கும் குஸ்கோ நகரம்தான் 3,400 மீட்டரில் இருக்கிறது. மச்சு பிச்சுவுக்கு நாம் ஏறிப் போவதில்லை, இறங்கிப் போகிறோம்.

இது தெரியாமல் நான் தலைநகர் லிமாவிலிருந்து காலை விமானத்தில் குஸ்கோ போனேன். பையை அறையில் போட்ட கையோடு ஊர் சுற்றக் கிளம்பினேன். சாயங்காலத்துக்குள் தலை விண்விண்ணென்று தெறித்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அடுத்த ஒன்றரை நாளும் விடுதி அறையின் கூரையைப் பார்த்தபடியே போனது. உயரத்தால் வரும் இந்தத் தொல்லைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சொரோச்சே.

அதனால் கீழே நான் சொல்லும் வரிசை இடங்களின் புகழை வைத்துப் போட்டதல்ல, உயரத்தை வைத்துப் போட்டது. 10 முதல் 12 நாள் கையில் இருந்தால் சரியாக வரும்.

படி 1: மாதம், விசா, ஊசி

மலைப்பகுதிக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும். ஆனால் அது அவர்களுக்குக் குளிர்காலம், ராத்திரி பல் கிட்டிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. நாலு நாள் நடந்து மச்சு பிச்சு போகும் இன்கா பாதையைப் பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள். முதல் பயணத்தில் அந்த நடையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வழியில் 4,200 மீட்டர் உயரக் கணவாய் ஒன்று இருக்கிறது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒரு விசா குறைந்தது 6 மாதச் செல்லுபடியோடு இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாகப் பெரு விசா வேண்டாம். இல்லையென்றால் டெல்லியில் உள்ள பெரு தூதரகம்தான். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே விசா கேட்பார்கள்.

பலரும் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவிலிருந்து திரும்பும்போது இந்தியாவில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தவும் செய்யலாம். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று.

படி 2: லிமாவில் இரண்டு நாள்

லிமா கடலோர நகரம், உயரத் தொல்லை இல்லை. நீண்ட விமானப் பயணத்தின் அலுப்பைத் தீர்த்துக்கொள்ள ஏற்ற இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊர் முழுக்கச் சாம்பல் நிற மூட்டம் கவிந்திருக்கும். மழைதான் வராது, இது பாலைவனத்து ஓரத் தலைநகரம்.

மிராஃப்ளோரஸ் பகுதியில் தங்குங்கள். கடலைப் பார்த்த செங்குத்துப் பாறை விளிம்பில் நீளமாக ஒரு நடைபாதை உண்டு. அதே பகுதியில் வீடுகளுக்கு நடுவே உவாகா புக்யானா என்ற மண்செங்கல் பிரமிடு நிற்கிறது. இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. செங்கற்களை அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிற்கவைத்து, நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். நிலநடுக்கம் வந்தால் அசைந்து கொடுக்குமாம். நேரமிருந்தால் லார்கோ அருங்காட்சியகம் போங்கள். அதன் பானைக் கிடங்கையே திறந்து வைத்திருக்கிறார்கள்.

செவிச்சே, அதாவது எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன், மதியச் சாப்பாடு. நல்ல கடைகளில் பல சாயங்காலம் திறந்திருக்காது. சைவர்கள் “சின் கார்னே” (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது, தட்டில் கோழி வரலாம். கோழி, மீன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். திக்கற்றவர்களுக்குச் சீஃபா என்ற சீன உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

படி 3: குஸ்கோவில் இறங்குங்கள், தங்காதீர்கள்

இதுதான் முக்கியம். குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்குக் கீழே இறங்கிவிடுங்கள். அங்குள்ள உருபம்பா, ஒயாந்தாய்தாம்போ ஊர்கள் இரண்டும் 2,800 முதல் 2,900 மீட்டருக்குள் இருக்கின்றன. இரண்டு மணி நேர வழி. கொலெக்டிவோ என்ற பங்கு வேன்கள் ஓடுகின்றன, ஆள் நிறைந்ததும் கிளம்பும்.

இங்கே இரண்டு இரவு. முதல் நாள் மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பியரைத் தள்ளிப்போடுங்கள். எல்லா விடுதிகளிலும் கோகா இலைத் தேநீர் தருவார்கள், தாராளமாகக் குடிக்கலாம். இதயம், ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் மச்சு பிச்சுவைவிட ஒயாந்தாய்தாம்போதான் பிடிக்கும் என்பேன். இன்காக்கள் போட்ட தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். தெருவோரக் கல்வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. மேலே கோயில் மேட்டில் ஆறு பெரும் பாறைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புற மலையில் வெட்டி, ஆற்றைக் கடந்து, இந்த மேட்டில் ஏற்றியவை. வேலை முடியாமலே நின்றுபோனது, ஏற்றும் வழியில் விட்ட கற்கள் இன்னும் கிடக்கின்றன.

மறுநாள் ஒரு டாக்சி பேசி மோராய், மராஸ் இரண்டையும் பார்த்துவிடலாம். இரண்டும் மேட்டில்தான் இருக்கின்றன, ஆனால் ராத்திரி கீழே வந்துவிடுவீர்கள். மோராய் வட்ட வட்டமாக இறங்கும் படிவயல்கள். மராஸில் ஒரே ஒரு உப்பு ஊற்றிலிருந்து ஆயிரக்கணக்கான பாத்திகளுக்குத் தண்ணீர் பிரிகிறது. உள்ளூர்க் குடும்பங்கள் இன்றும் அதில் உப்பெடுக்கின்றன.

படி 4: மச்சு பிச்சு

முதலில் நுழைவுச் சீட்டு, அப்புறம் ரயில், கடைசியாக விடுதி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதானால் சில மாதங்களுக்கு முன்பே வாங்குங்கள்.

சீட்டில் நேரம் மட்டுமல்ல, பாதையும் இருக்கும். 2024 முதல் மூன்று சுற்றுகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் சுற்று மேலிருந்து பார்க்க மட்டும். மூன்றாவது கீழ்ப்பகுதி, அதில் நாம் காலண்டரில் பார்த்த அந்தக் காட்சி கிடைக்காது. இரண்டாவதில் காட்சியும் கிடைக்கும், ஊருக்குள்ளும் நடக்கலாம். முதல் முறை என்றால் இரண்டாவதை எடுங்கள்.

ஒயாந்தாய்தாம்போவிலிருந்து மச்சு பிச்சு மலையடிவார ஊரான அகுவாஸ் கலியெந்தெஸ் வரை ரயில், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாலை கிடையாது. ரயிலில் பெரிய பெட்டி ஏற்ற விட மாட்டார்கள், அதை விடுதியில் விட்டுவிட்டுச் சின்னப் பையோடு போங்கள். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பேருந்து அரை மணி நேரம். அசல் கடவுச்சீட்டு கட்டாயம். கழிப்பறை நுழைவாயிலுக்கு வெளியேதான், மறக்காமல் போய்விட்டு உள்ளே நுழையுங்கள்.

1911-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்கம் “கண்டுபிடித்தார்” என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவர் போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் படிவயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன.

படி 5: இப்போது குஸ்கோ

இதற்குள் உடம்பு பழகியிருக்கும். மூன்று நாள் வையுங்கள். கொரிகாஞ்சா இன்காக்களின் சூரியக் கோயில். ஸ்பானியர்கள் அதை இடித்து அதன் சுவர்கள் மேலேயே மடம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் பெருஞ்சேதம் அடைந்தது, சாந்து பூசாத இன்காச் சுவர்கள் அப்படியே நின்றன. ஊருக்கு மேலே சக்சய்வமான் கோட்டை. இதையும் பள்ளத்தாக்கின் சில இடங்களையும் சேர்த்து 16 இடங்களுக்கு ஒரே சுற்றுலாச் சீட்டு உண்டு, 10 நாள் செல்லும். பள்ளத்தாக்குக்குப் போகும்போதே வாங்கிவிடுங்கள். மராஸும் மச்சு பிச்சுவும் அதில் சேராது.

சந்தையில் சூன்யோ என்று கருத்த கூழாங்கல் போல ஒன்று விற்பார்கள். ராத்திரிப் பனியில் உறையவைத்து, பகல் வெயிலில் காயவைத்த உருளைக்கிழங்கு, அவர்கள் ஊர் வத்தல். உருளைக்கிழங்கே இந்த மலைகளிலிருந்து உலகத்துக்குப் போனதுதான்.

வானவில் மலை என்று எல்லா முகவர்களும் நச்சரிப்பார்கள். 5,000 மீட்டர். மூச்சு சரியாக இருந்தால் மட்டும், அதுவும் கடைசி நாளில்.

படி 6: நாள் மிச்சமிருந்தால்

பேருந்தில் ஆறேழு மணி நேரம் போனால் புனோ, டிடிகாகா ஏரி. 3,812 மீட்டர், அதனால்தான் இது கடைசியில். கோரை போன்ற டொடோரா புல்லால் கட்டிய ஊரோஸ் மிதவைத் தீவுகள் இப்போது முழுக்கச் சுற்றுலாக் கடை. தாகீலே தீவு வரை போங்கள், அங்கே ஆண்கள் நடந்துகொண்டே குல்லாய் பின்னுவதைப் பார்க்கலாம். பாலைவனத் தரையில் கீறிய நாஸ்கா கோடுகள், அமேசான் காடு எல்லாம் அடுத்த முறைக்கு வையுங்கள்.

திரும்பும்போது கோகாத் தேநீர்ப் பொட்டலம் எதையும் பையில் போடாதீர்கள். பல நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கு. மஞ்சள் காய்ச்சல் அட்டை கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம்.