பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை உள்ளே மாட்டினால் செய்யக்கூடாதவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வீடுகளில் எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் அதில் குடும்பமே இருக்கும்: தைப்பூசக் காவடி வீடியோ, கல்யாண ஆல்பம், இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளின், 1860-இல் தொடங்கும் கப்பல் பதிவேடுகளில் தேடிப் பிடித்த கொள்ளுத்தாத்தாவின் பக்கம். அதன் யூஎஸ்பி போர்ட் ஆட்டம் கண்டாலோ அடாப்டர் புகைந்தாலோ, பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரின் சாட்டா கேபிளில் (உள் டிஸ்க்குகளை இணைக்கும் கேபிள்) மாட்டிப் பார்க்கிறோம். யோசனையில் தப்பில்லை, பல டிஸ்க்குகள் அப்படியே திறந்துகொள்ளும். திறக்காதபோது அடுத்து செய்யும் காரியங்கள்தான் ஃபைல்களுக்கு எமன்.

முதல் எமன் விண்டோஸ் காட்டும் அந்தச் சின்னக் கட்டம். டிஸ்க்கை இனிஷியலைஸ் (புதிதாகத் தயார்) செய்யச் சொல்லும், இல்லாவிட்டால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். டிஸ்க் காலி என்று அதற்குத் தெரிந்துவிடவில்லை. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. கேன்சல் கொடுங்கள். இனிஷியலைஸ் செய்தால் டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பழைய பார்ட்டிஷன் அட்டவணையின் மேல் புதியது எழுதப்படும், அதைக்கூட மீட்டுவிடலாம். குவிக் ஃபார்மேட் இன்னும் மோசம். எந்த இடம் காலி என்று கம்ப்யூட்டர் டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் வசதியுள்ள எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும்) டிஸ்க்குகளில், ஃபார்மேட் ஆன இடத்தை டிஸ்க்கே காலி என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் எந்த மென்பொருளை ஓட்டினாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும்.

சரி, பெட்டிக்குள் படித்தது வெளியே ஏன் படிக்கவில்லை? டிஸ்க்குக்கும் யூஎஸ்பிக்கும் நடுவே ஒரு குட்டி போர்டு இருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக், மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவற்றில், நீங்கள் பாஸ்வேர்டு எதுவும் வைக்காவிட்டாலும் அந்த போர்டு எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்தே (சங்கேதமாக்கியே) எழுதுகிறது. நேராக மாட்டினால் தெரிவது குப்பை மட்டுமே. இன்னொரு வகை போர்டு, 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில், செக்டார் (டிஸ்க்கில் எழுதும் சிறு துண்டு) 512 பைட் இல்லை, 4096 பைட் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். பார்ட்டிஷன் 256-ஆவது செக்டாரில் தொடங்குகிறது என்று அட்டவணையில் இருந்தால், பெட்டிக்குள் அது 1 எம்பி தூரம். சாட்டாவில் அதே எண் 128 கேபி ஆகிவிடும். எட்டில் ஒரு பங்கு தூரத்தில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும்?

ஆகவே பெட்டியையும் போர்டையும் குப்பையில் போடாதீர்கள். முதல் மருந்து, டிஸ்க்கைத் திரும்ப அதில் வைத்துப் பார்ப்பது. அடாப்டர் போயிருந்தால் அதே வோல்ட், அதே துருவம் உள்ளதை வாங்குங்கள். 3.5 அங்குல டிஸ்க்கின் பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட். முள் பொருந்துகிறதே என்று 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைச் செருகினால் டிஸ்க்கின் போர்டும் சேர்ந்து கருகலாம். பெட்டி போர்டே கருகியிருந்தால் அதே மாடலின் போர்டைத் தேடுங்கள்.

உள்ளே மாட்டிய டிஸ்க் சுற்றவே இல்லையென்றால், செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சில டிஸ்க்குகளுக்குப் பவர் கேபிளின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால், 'அணைந்திரு' என்ற கட்டளை போலாகிவிடும். அந்தப் பின்னைக் கேப்டான் டேப்பால் (மின்சாரம் கடத்தாத டேப்) மூடினால் சுற்றத் தொடங்கும். 2.5 அங்குல பாஸ்போர்ட் வகையைப் பிரிப்பதில் பெரும்பாலும் பயனில்லை. பல மாடல்களில் யூஎஸ்பி போர்ட்டை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், சாட்டா முனையே இருக்காது.

டிஸ்க் தெரிந்தபிறகு, விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது ஃபைல் சிஸ்டத்தைத் தனக்கு நேராக்கிக்கொள்ளும், உங்கள் படங்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிக்கவும் கூடாது. முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளால் இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். விநாடிக்கு 150 எம்பி என்றாலும் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம் ஆகும். லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) கண்ட ஊரில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் வைத்து ஓட்டினால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு நகலில் பார்ட்டிஷனை மீட்கும் டெஸ்ட் டிஸ்க் மென்பொருள், அதுவும் சரிவராவிட்டால் ஃபைல்களைத் தனித்தனியே தேடி எடுக்கும் ஃபோட்டோரெக். பின்னதில் படம் வரும், ஃபைல் பெயர் வராது.

டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கரண்ட்டை எடுங்கள். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் வேண்டாம். டர்பன் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் டிஸ்க் வியர்க்கும். மீட்பு லேபுக்குக் கொண்டுபோகும்போது டிஸ்க்கோடு பெட்டி, போர்டு, அடாப்டர், எப்போதாவது வைத்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கொடுங்கள். வீட்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.