டூயலி பிக்கப்பில் செமி டிரக் சக்கரம் மாட்டுவது எப்படி?

அமெரிக்க நெடுஞ்சாலையில், பின்பக்கம் நான்கு சக்கரம் கொண்ட பிக்கப்பைத்தான் டூயலி என்கிறார்கள். ராம் 3500, ஃபோர்டு எஃப்-350, செவ்ரலே 3500எச்டி எல்லாம் இந்த வகையிலும் வருகின்றன. இவற்றில் செமி டிரக்கின், அதாவது டிரெய்லர் இழுக்கும் பெரிய லாரியின், 22.5 அங்குல ரிம்மும் டயரும் மாட்டி ஓட்டும் ஆசை பலருக்கு உண்டு. செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பெரும்பாலானோர் டயர் கடையில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் ஹப், அதாவது ஆக்சில் முனையில் சக்கரம் மாட்டும் பகுதி.

முதலில் அளவு எடுங்கள்

செமி டிரக்கின் ரிம்மில் 10 துளை இருக்கும். அவை அமைந்த வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., 285.75 மி.மீ. நடுத்துளை சுமார் 220 மி.மீ. உங்கள் பிக்கப்பில் இருப்பது 8 ஸ்டட், அதாவது நட்டு மாட்டும் போல்ட். அவற்றின் பி.சி.டி.யும் கம்பெனிக்குக் கம்பெனி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2005க்குப் பிந்தைய எஃப்-350 டூயலிக்கு 200 மி.மீ.; 2011 முதல் செவ்ரலே, ஜிஎம்சி டூயலிக்கு 210; ராம் 3500 டூயலிக்கு 2018 வரை 165.1, 2019 முதல் 200. விற்பவர் சொல்வதை நம்பாமல் வண்டியின் ஆண்டையும் அளவையும் நீங்களே சரிபாருங்கள்.

அடாப்டர்

8 ஸ்டட் ஹப்பில் 10 துளை ரிம்மை உட்கார வைப்பது அடாப்டர்தான். மொத்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, பணத்தை இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்றைய லாரி ரிம்கள் பெரும்பாலும் ஹப்பின் நடு விளிம்பில் உட்கார்ந்து மையம் பிடிப்பவை. நட்டுகளின் வேலை ரிம்மை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே. எனவே அடாப்டரிலும் 220 மி.மீ. ரிம் துளைக்குள் சரியாக அமரும் விளிம்பு இருக்க வேண்டும். அதேபோல அதன் உள்பக்கம் உங்கள் ஹப்பின் மேல் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வண்டி அதிரும், நாளடைவில் ஸ்டட் உடையும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அடாப்டர் வேறு வேறு, மாற்றிப் போடக் கூடாது.

எந்த டயர்?

பெரிய லாரிகளில் அதிகம் காணும் 11ஆர்22.5 டயரின் உயரம் ஏறத்தாழ 41.5 அங்குலம். ராமின் 17 அங்குல ரிம்மோடு வரும் டயரோ சுமார் 31.8 அங்குலம்தான். பத்து அங்குல வித்தியாசத்துக்கு வண்டியை நன்றாகத் தூக்க வேண்டும், ஃபெண்டரை, அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டை, வெட்ட வேண்டும். முதல்முறை செய்பவருக்கு 255/70ஆர்22.5 போதும் என்பேன். அது சுமார் 36.7 அங்குலம். அதற்கும் கொஞ்சம் தூக்கல் வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, எங்கே உரசுகிறது என்று பாருங்கள்.

உயரம் கூடினால் கியர் விகிதமும் மாறிவிடும். 4.10 கியர் விகிதம் கொண்ட ஆக்சிலில் 36.7 அங்குல டயர் போட்டால், 3.55 ஆக்சில் போட்டது போல இழுவை குறையும். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது நிஜ வேகம் 69. கம்ப்யூட்டரில் டயர் அளவைத் திருத்துங்கள். கனமான டிரெய்லர் இழுப்பவர்கள் 4.56 அல்லது 4.88 கியர் மாற்றுவது பற்றியும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று: லாரி டயர்களில் பலவற்றுக்கு உச்ச வேகம் 75 மைல். டெக்சாஸின் எஸ்எச் 130 சாலையில் 85 மைல் அனுமதி இருக்கிறது என்பதற்காக இந்த டயரில் அந்த வேகம் போகக் கூடாது.

டயரை ரிம்மில் ஏற்றுவது

இதை வீட்டில் செய்யாதீர்கள். லாரி டயர் கடைக்குக் கொண்டு போங்கள். 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏறும் டயர் வெடித்தால் ஆள் பிழைப்பது கடினம். அதனால்தான் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கச் சொல்கின்றன. 22.5 ரிம்மின் டயர் அமரும் சரிவு 15 டிகிரி, சாதாரண பிக்கப் ரிம்மில் 5 டிகிரி. ஆகவே ஒன்றின் டயர் மற்றதற்கு ஒருபோதும் ஆகாது.

பொருத்துவது

சமதளத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். பழைய சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு நீக்குங்கள். துருவோ தடித்த பெயிண்டோ இடையில் மாட்டினால், அது தேயத் தேய நட்டு தளரும்.

அடாப்டரை மாட்டி, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு எதிரெதிராக நட்டுகளை முடுக்குங்கள். அப்புறம் ரிம். பின்பக்கத்தில், வெளியிலிருந்து பார்க்கும்போது உள்சக்கரம் புடைத்தபடியும், வெளிச்சக்கரம் குழிந்தபடியும் வரவேண்டும். ரிம்மின் கைத்துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால்தான் உள்சக்கரத்தின் வால்வுக்குக் கை எட்டும். 22 மி.மீ. ஸ்டட்டுகளின் மரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், ரிம் முகத்தில் படக் கூடாது. முதலில் 50 அடி-பவுண்டு அளவுக்கு எல்லாவற்றையும் முடுக்கி, சரியாக அமர்ந்ததா என்று பார்த்துவிட்டு, 450 முதல் 500 அடி-பவுண்டு வரை கொண்டுபோங்கள். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வீட்டில் அரை அங்குலத்தில் இருந்தால், அது இதற்குப் போதாது. முக்கால் அங்குலத்தது வாடகைக்கு எடுங்கள்.

காற்றும் எடையும்

டயர் பெரிதானதால் வண்டி தாங்கும் எடை கூடிவிடாது. ஆக்சில், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் பழையவைதான், கதவோரத்தில் ஒட்டிய எடை வரம்பே இன்னமும் வரம்பு. போதாததற்கு, கனமான சக்கரத்தை நிறுத்த அதே பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். 11ஆர்22.5 டயர் ஒன்று தனியாக 105 பி.எஸ்.ஐ.யில் 6,175 பவுண்டு தாங்கும். காலி பிக்கப்பில் அவ்வளவு காற்று வைத்தால் வண்டி குதிக்கும், டயர் நடுவில் தேயும். டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் எடை போட்டு, டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்துக் காற்று வையுங்கள்.

100 மைலுக்குள்

50 முதல் 100 மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். அடாப்டர் நட்டுகள் பெரும்பாலும் ரிம்முக்குப் பின்னால் மறைந்திருக்கும், சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க முடியும். சோம்பலில் பலர் விடும் வேலை இதுதான், ஓடும்போது சக்கரம் கழன்று போவதற்கும் இது ஒரு காரணம்.

ஸ்டெப்னியும் இனி வண்டிக்கு அடியில் போகாது, பிக்கப்பின் பின்புறச் சரக்குத் தொட்டியில்தான் வைக்க வேண்டும். பழைய ஸ்டெப்னி 10 ஸ்டட் அடாப்டரில் மாட்டாது என்பதையும் பயணம் கிளம்பும் முன் மனதில் வையுங்கள்.