பழைய வீடு வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பது

ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டுவது வில்லங்கச் சான்று. தரகர் கையில் தரும் சான்றை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். குறைந்தது கடந்த 30 ஆண்டுகளுக்கான சான்றை நீங்களே மனுப் போட்டு வாங்குங்கள். இப்போதைய சர்வே எண்ணை மட்டும் போட்டுத் தேடுவதுதான் பலர் செய்யும் தவறு. 84/2 என்றிருந்த நிலம் பின்னால் 84/2பி என உட்பிரிவாகியிருந்தால், பழைய அடமானம் 84/2இல்தான் கிடக்கும். இரண்டு எண்களுக்கும் தேடுங்கள். ஊர் வேறு சார்பதிவகத்துக்கு (பத்திரம் பதியும் அலுவலகம்) மாறியிருந்தால் பழைய சார்பதிவகத்திலும் தேட வேண்டும்.

'வில்லங்கம் இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாகிவிட முடியாது. பதியாத ஒப்பந்தம், உயில், வாரிசுகளின் பங்கு எதுவும் அதில் தெரியாது. தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய மூலப் பத்திரம்) தொடங்கி இன்றுவரை எல்லாப் பத்திரங்களையும் அசலாகக் கேளுங்கள். நகல்தான் இருக்கிறது என்றால், அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். உரிமையாளர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், கட்டிக்கொடுத்த மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். பல வழக்குகள் பிறப்பது இங்கேதான்.

பட்டாவில் உள்ள பெயர், அளவு, பத்திரத்தின் நான்கெல்லை எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று இடத்திலேயே டேப் பிடித்து அளந்து பாருங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்குபவர்தான்.