முடிச்சுப் போட்ட பை: வீட்டுக் குப்பையில் விடும் தவறுகள்

மீன் செதில், மிஞ்சிய சோறு, யோகட் கப், லஞ்ச் சீட் எல்லாம் ஒரே சொப்பிங் பேக்கில், இறுக்கி முடிச்சுப் போட்டுப் படலையடியில். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வீடுகளின் வழக்கம் இது. மற்றத் தவறுகள் அநேகமாக இந்த முடிச்சில்தான் தொடங்குகின்றன. குழம்பு பட்ட கடதாசி மீள்சுழற்சிக்கு உதவாது. பிளாஸ்டிக் கலந்த சோறு பசளைக்கு உதவாது. இரண்டும் குப்பைமேட்டுக்கே போகும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில், உணவு வாசத்துக்கு வந்த யானைகள் பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கின. 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே மாண்டதாக அப்போது செய்தி வந்தது. பையில் சோறு இல்லாவிட்டால் யானை அதைத் தேடி வராது.

ஆகவே குசினியிலேயே பிரியுங்கள். உக்குவதற்கு மூடியுள்ள வாளி, காய்ந்ததற்கு ஒரு உரபேக்.

உக்கும் குப்பையில் பலர் சறுக்குவது, மரக்கறித் தோலை மட்டும் கொட்டிக்கொண்டே போவதால். ஈரம் கூடிக் காற்று அடைபட்டு நாற்றமெடுக்கும், புழு வைக்கும்; பிறகு "பசளை சரிவராது" என்று கைவிடுவார்கள். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு வேண்டும். பசளை போடும் பீப்பாயின் அடியில் நாலு அங்குலம் தேங்காய்ப் பொச்சுத் துண்டு, பக்கத்தில் துளைகள், கிழமைக்கு ஒருமுறை கிளறல். ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள்: ஓரிரு துளி கசிந்தால் அளவு சரி, ஒழுகினால் சருகு போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசம் வரும். மாரிக்கு முன்னரே பீப்பாயைச் செங்கல்லில் உயர்த்தி மூடிவிடுங்கள். நிலத்தடி நீர் மேலேறும் எங்கள் மணல் தரையில் குழிப்பசளை கார்த்திகையில் குளமாகிவிடும். மீன் கழிவைப் பீப்பாயில் போடாமல், கிணற்றுக்குத் தொலைவாக, தென்னையிலிருந்து நாலடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். ஆழம் குறைந்தால் நாய் கிளறும்.

பிளாஸ்டிக்கை எரிப்பதும் புதைப்பதும் வேண்டவே வேண்டாம். தண்ணீர்க் குழாய் செய்யும் பீ.வீ.சீ. பிளாஸ்டிக் எரிந்தால் டயொக்சின் என்ற நச்சு உண்டாகும். அந்தச் சாம்பலை வாழையடியில் கொட்டாதீர்கள்.

காய்ந்த பக்கத்தில், கழுவாத யோகட் கப் ஒன்று போதும், பை முழுக்க எறும்பும் நாற்றமும். பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அலசிக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர்ப் போத்தலின் மூடியும் போத்தலும் வெவ்வேறு பிளாஸ்டிக். மூடியைக் கழற்றிப் போத்தலை மிதித்துத் தட்டையாக்கினால் பையில் பல மடங்கு கொள்ளும். உடைந்த பீங்கானைக் கண்ணாடிப் போத்தலோடு சேர்க்காதீர்கள். போத்தல் உருகும் சூட்டில் பீங்கான் உருகாது, புதுப் போத்தலில் கல்லாக நின்று வெடிப்பு விழும். தீர்ந்த பட்டரிகளை மூடியுள்ள டப்பாவில் மழை படாமல் தனியே வையுங்கள்.