சைஸ் செய்த .308 உறை சேம்பருக்குள் போகவில்லையா? டையைத் திருப்பும் முன் இதைப் பாருங்கள்

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுகிறவர்கள் சுட்ட பித்தளை உறையை வீட்டிலேயே ரீலோட் செய்வது (மறுபடி நிரப்பித் தோட்டாவாக்குவது) சாதாரணம், சட்டமும் அனுமதிக்கிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் இது அங்கே இருந்து புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மட்டும். எடுத்துக்காட்டுக்கு .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், ஃபுல் லெங்க்த் டை (சுட்டதும் விரிந்த உறையை முழு நீளத்துக்கும் நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு; அப்படி நெரிப்பதுதான் சைஸ் செய்வது).

உறை சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் இடம்) சிக்கினால் உடனே டையை இன்னும் கீழே இறக்காதீர்கள். முதலில் அளக்க வேண்டும். உங்கள் ரைஃபிளில் சுட்ட உறையை எடுத்து, அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடியான ப்ரைமரைத் தனியாகக் கழற்றிவிட்டு (கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால்கூட அளவு பொய்யாகிவிடும்), காலிப்பரில் ஹெட்ஸ்பேஸ் கம்பேரட்டர் (தோளில் உட்காரும் அளவுத் துணைக்கருவி) மாட்டி அடியிலிருந்து தோள் (உடம்பு கழுத்தாகச் சரியும் இடம்) வரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு உறை போதாது, நாலைந்து பாருங்கள். சைஸ் செய்த பிறகு தோள் இதைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னால் போயிருந்தால் போதும். செமி ஆட்டோ என்றால் 0.003, 0.004 வரை விடலாம்.

அடுத்து, எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள். சைஸ் செய்த காலி உறை முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்து சேம்பரில் போட்டு போல்ட்டை மூடித் திறங்கள். ப்ரைமரோ மருந்தோ இருக்கும் தோட்டாவை வைத்து இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது. ஃபயரிங் பின்னையும் உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டால் போல்ட் எங்கே இறுகுகிறது என்று விரலுக்கே தெரியும்.

மை தோளில் அழிந்திருந்தால் தோள் போதுமான அளவு பின்னால் போகவில்லை. பலரும் குழம்புவது இங்கேதான்: சைஸ் செய்யாத உறை எளிதாகப் போகிறது, சைஸ் செய்தது போக மறுக்கிறது, இது எப்படி? டை முதலில் உறையின் உடம்பைப் பக்கவாட்டில் நெரிக்கிறது. நெரிபட்ட பித்தளைக்குப் போக்கிடம் முன்பக்கம்தான், அதனால் தோள் முன்னே தள்ளப்படுகிறது. டை இன்னும் இறங்கித் தோளைத் தொட்ட பிறகுதான் அது பின்னால் வரும். பாதியில் நிறுத்திய உறை சுட்ட உறையைவிட நீளமாக இருப்பது இதனால்தான்.

இப்போது டையை இறக்கலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. சாதாரண டையின் மரை அங்குலத்துக்கு 14, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 0.071 அங்குலம் இறங்கும். 0.001 அங்குலத்துக்கு வெறும் 5 டிகிரி! கால் சுற்று திருப்பினாலே எங்கேயோ போய்விடும். திருப்பு, சைஸ் செய், அள. சரியான அளவு வந்ததும் டை நகராமல் பிடிக்கும் லாக் ரிங்கை இறுக்கிவிடுங்கள்.

அதிகமாகப் பின்னால் தள்ளினால் என்ன? உறை சுலபமாக உள்ளே போகும், எல்லாம் சரி என்றே தோன்றும், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சுடும்போது உறையின் மெல்லிய சுவர் சேம்பரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் போல்ட் வரை பின்னால் இழுபடும், அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். நாலைந்து முறை இப்படி நடந்தால் உறை அங்கேயே இரண்டாகப் பிய்ந்து, சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரலாம். வெளியே அந்த இடத்தில் பளபளவென ஒரு வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். பேப்பர் கிளிப்பின் நுனியைச் சிறிய கொக்கியாக வளைத்து உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்தால் பள்ளம் தட்டுப்படும். தட்டினால் அந்த உறையை நசுக்கிக் குப்பையில் போடுங்கள், தயங்க வேண்டாம்.

மை வாய் விளிம்பில் அழிந்தால் உறை நீண்டிருக்கிறது. .308-க்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், 2.005-க்கு வெட்டிவிடுங்கள். அடிப்பக்கத்தில் அழிந்தால் அது பெரும்பாலும் வேறு துப்பாக்கியில் சுட்டு ரேஞ்சில் பொறுக்கிய உறையாக இருக்கும், அடிப்பக்கத்தை இன்னும் அதிகமாக நெரிக்கும் ஸ்மால் பேஸ் டை தேவைப்படலாம்.

அளவு ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருந்தால் லூப்பை (சைஸ் செய்யும் முன் உறையில் தடவும் மசகு) சந்தேகப்படுங்கள். கழுத்தின் உட்புறம் வறண்டிருந்தால் எக்ஸ்பாண்டர் உருண்டை (டைக்குள் இருந்து கழுத்தை உள்ளிருந்து விரிப்பது) கிறீச்சிட்டபடி கழுத்தை இழுத்துத் தோளையும் முன்னே கொண்டுவந்துவிடும், உள்ளே கொஞ்சம் கிராஃபைட் தொட்டுவிடுங்கள். தோளில் பள்ளம் விழுந்தால் வெளியே லூப் அதிகம், அல்லது டையின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. லூப் குறைந்தால் உறை டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது நெம்புகோலை முரட்டுத்தனமாக இழுத்தால் உறையின் அடி விளிம்புதான் பிய்யும். அடியில் துளையிட்டு, மரை வெட்டி, திருகு மாட்டி இழுக்கும் கிட் கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

பல முறை சுட்ட பித்தளை இறுகி, சைஸ் செய்த பிறகும் ஸ்பிரிங் போலத் திரும்பிவரும், கழுத்தையும் தோளையும் அனீல் செய்தால் (சூடாக்கி மென்மையாக்கினால்) அது அடங்கும். அப்புறம், வேறு பிராண்டு உறைக்கு மாறினால் பழைய டை அமைப்பை நம்பாமல் மறுபடி அளந்துவிடுங்கள்.