சைக்கிள் ரிம்முக்கு எந்தப் பூச்சு? முதலில் பிரேக் கட்டையைப் பாருங்கள்

அப்பாவின் பழைய இருபத்தெட்டு இஞ்ச் சைக்கிளைப் பரணோரத்திலிருந்து வெளியே எடுத்தபோது ரிம் முழுக்கத் துரு. வீடு நாகப்பட்டினத்தில். கடற்காற்றில் கதவுக் கீலே தாங்காது, ரிம் எம்மாத்திரம்? ஆர்வக்கோளாறில் ஒரு டப்பா சில்வர் பெயின்ட் வாங்கி, ஓர் இடம் விடாமல் அடித்தேன். மூன்றாம் நாள் கடைத்தெரு வளைவில் பிரேக்கைப் பிடித்தால் வண்டி பாட்டுக்குப் போகிறது. இறங்கிப் பார்த்தேன். உரிந்த பெயின்ட் பிரேக் கட்டையில் பிசின் மாதிரி அப்பியிருந்தது.

அதனால் பூச்சு வாங்கக் கடைக்குப் போகும் முன் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

1. பிரேக் எங்கே பிடிக்கிறது?

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். கைப்பிடியிலிருந்து கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கிற பழைய கம்பி பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் பக்கவாட்டைத் தொடாது. ஸ்போக் ஏறும் உள்பக்கத்தில், நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் முடுக்குகிற சின்ன நட்டு) வரிசைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் பட்டையைத்தான் பிடிக்கும். கேபிள் பிரேக் என்றால் பெரும்பாலும் பக்கவாட்டில் பிடிக்கும். டிஸ்க் பிரேக் வண்டியில் ரிம்மை எதுவும் தொடுவதில்லை, இஷ்டப்படி பூசலாம்.

கட்டை தொடுகிற பட்டையில் பெயின்ட், வார்னிஷ், மெழுகு, எண்ணெய் எதுவும் கூடாது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைக்கிறவர்கள் உண்டு. மட்கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. இரும்பா, அலுமினியமா?

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, பளபளப்பாக இருந்தால் மேலே குரோமியம் பூசியது. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் துருப்பிடிக்காது, உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூக்கும். அதற்குச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். காஸ்டிக் சோடா கலந்த கழுவும் பொருள் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மேல்பூச்சையே அரித்துவிடும்.

3. துரு எவ்வளவு ஆழம்?

ரிம்மில் நாம் பார்க்கிற குரோமியம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, இரும்பு துருவாகி மேலே புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும்.

சாப்பாடு பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து அந்தப் புள்ளிகளில் தேயுங்கள். தாள் குரோமியத்தைவிட மென்மை, கீறாது. கொஞ்ச நேரத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் குழம்பு வரும். துடைத்துவிட்டு நகத்தால் தடவுங்கள். வழுவழுப்பாக இருந்தால் பிழைத்தது. நகம் குழியில் மாட்டினால், அல்லது பூச்சு செதில் செதிலாகத் தூக்கியிருந்தால் குரோமியத்தின் கதை முடிந்தது. செதில் பிளேடு மாதிரி வெட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

4. இப்போது பூச்சு

வெறும் புள்ளி என்றால் பெயின்ட் வேண்டாம். பிரேக் படாத இடங்களில் கார் மெழுகு தடவித் துடைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் போதும்.

பூச்சு உரிந்திருந்தால் சிலர் மறுபடி குரோமியம் பூசச் சொல்வார்கள். சக்கரத்தை முழுசாகப் பிரித்து, பூசி, மறுபடி ஸ்போக் கோத்து, பெண்டு எடுக்கிற செலவுக்குப் புது ரிம்மே வாங்கலாம். பெயின்ட்டைப் பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கிற பவுடர் கோட்டிங் உறுதியானதுதான். ஆனால் அதை 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைப்பார்கள். அதற்கும் சக்கரத்தைப் பிரித்தாக வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டிக்கு அது தகும். அப்பாவின் வண்டிக்கு நான் கையால் அடிக்கிற எனாமலைத்தான் எடுத்தேன்.

டயர், ட்யூப் இரண்டையும் கழற்றுங்கள். பிரேக் பட்டையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மிச்சமுள்ள குரோமியத்தின் பளபளப்பு மங்கும்வரை 220 உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பின் மேல் பெயின்ட் நிற்காது. பெயின்ட் கரைக்கிற தின்னரால் துடைத்து, துருவைத் தடுக்கிற அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, காய்ந்தபின் எனாமல் மெல்லியதாக இரண்டு கை. அவசரப்பட்டுத் தடிமனாக அடித்தால் ஸ்போக் ஓரமாக வழிந்து கண்ணீர்த்துளி மாதிரி நின்றுவிடும். என் பின்சக்கரத்தில் இன்னும் நாலு துளி இருக்கிறது.

5. யாரும் பார்க்காத உள்பக்கம்

ரிம் அரித்து ஓட்டை விழுவது பெரும்பாலும் டயருக்கு அடியில்தான். வால்வு ஓட்டை, ஸ்போக் ஓட்டை வழியாக இறங்கிய மழைத்தண்ணீர், ட்யூபை ஸ்போக் முனை குத்தாமல் ரிம்மின் உள்ளே சுற்றியிருக்கும் ரிம் டேப்புக்கு அடியில் தேங்கிக் கிடக்கும். என் ரிம்மில் டேப்பை உரித்தபோது துரு மாவு மாதிரி கொட்டியது. அங்கேயும் சுரண்டித் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள், டேப்பைப் புதிதாக மாற்றுங்கள். நிப்பிளைச் சுற்றி ரிம்மில் விரிசலோ, துரு தின்ற ஓட்டையோ தெரிந்தால் பெயின்ட் டப்பாவை மூடிவிட்டு ரிம்மை மாற்றுங்கள்.

6. திரும்ப மாட்டும்போது

இரண்டு நாள் காயவிடுங்கள். மாஸ்கிங் டேப்பை எடுத்ததும் பிரேக் பட்டையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பழைய கட்டையில் எண்ணெயோ பெயின்டோ ஊறியிருக்கும். கட்டையின் ரிம்மைத் தொடும் முகத்தை உப்புத்தாளில் நாலு இழு இழுங்கள், அப்படியும் வழுக்கினால் புதுசு போடுங்கள். பெயின்ட் இல்லாத அந்தப் பட்டை துருப்பிடிக்காதா என்றால், பிடிக்கும். தினமும் ஓட்டுகிற வண்டியில் கட்டையே அதைத் தேய்த்து எடுத்துவிடும். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் லேசில் பிடிக்காது, அதனால் மழை நாளில் கொஞ்சம் முன்னாடியே பிடியுங்கள்.