தரங்கம்பாடிக் கடிதங்களை வைத்து எழுதுகிறீர்களா? இதிலெல்லாம் மாட்டிக்கொள்ளாதீர்கள்

டென்மார்க் அரசர் தரங்கம்பாடிக்கு அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். அச்சில் கிடைப்பதுதான் அவர் எழுதிய கடிதம் என்று நம்பிவிடுகிறார்கள். தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போன கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் அங்கே தொடராக அச்சேறின, சரி, ஆனால் அந்தத் தொடர் மிஷனுக்குக் காசு கொடுத்தவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் படிப்பதற்காக வந்தது, அதனால் சங்கடமான பகுதிகளை அங்கிருந்தவர்கள் வெட்டியும் திருத்தியும்தான் வெளியிட்டார்கள். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி அனுப்பிய பெரிய நூலையே ஹாலேயில் மிஷனுக்குப் பின்பலமாக இருந்த இறையியலாளர் பிராங்கே அச்சிடவில்லை. அது 1867-இல்தான், அதுவும் சென்னையில், வெளிவந்தது. கையெழுத்துப் பிரதிகள் ஹாலேயில் பிராங்கே அறநிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு வரியை மேற்கோள் காட்டும்போது அது கையெழுத்துப் பிரதியிலிருந்தா, அச்சிலிருந்தா என்றாவது சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கடிதம் யாருக்குப் போனது என்று பார்க்காமல் படிப்பது. டென்மார்க் அரசருக்கு எழுதுகிற மனிதரும் நண்பருக்கு எழுதுகிற மனிதரும் ஒரே ஆள்தான், ஆனால் ஒரே குரலில் எழுதமாட்டார்.

தேதி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சீகன்பால்கு 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி 1706 ஜூலை 9-ஆம் தேதிதான் தரங்கம்பாடி வந்தார். கடிதமும் அதே கடலில்தான் போக வேண்டும். பதில் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றால், ஜனவரியில் எழுதியதற்கு மார்ச்சில் பதில் என்று இரண்டு கடிதங்களைக் கோத்துக் கதை சொல்ல முடியாது. மிஷனுக்கு உதவிய லண்டன் கிறிஸ்தவச் சங்கமான எஸ்.பி.சி.கே.யின் கடிதங்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு சிக்கல் உண்டு. டென்மார்க்கும் ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் நாடுகளும் 1700-இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை, ஆகவே ஒரே நாளுக்கு இரு பக்கமும் 11 நாள் வித்தியாசம் வரும்.

ஒருவரின் கடிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 1708 இறுதியில் தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி ஹாசியஸ் சீகன்பால்குவைக் கோட்டையில் அடைத்து நான்கு மாதம் போல் வைத்திருந்தார். அதை நாம் பெரும்பாலும் சிறைப்பட்டவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். தரங்கம்பாடியை நிர்வகித்த டேனிஷ் வணிகக் கம்பெனிக்கும் அரசர் நேரடியாக அனுப்பிய மிஷனுக்கும் இருந்த இழுபறியைப் பார்க்காவிட்டால் ஹாசியஸ் வெறும் வில்லனாகத்தான் தெரிவார்.

தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள் விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். மிஷனரிகள் கேள்வி அனுப்பினார்கள், நம்மவர்கள் பதில் எழுதினார்கள், அதை சீகன்பால்குவும் அவருடைய சக மிஷனரி கிருண்ட்லரும் ஜெர்மனில் மொழிபெயர்த்துக் குறிப்பும் சேர்த்தார்கள். அந்த ஜெர்மனைத் திரும்பத் தமிழாக்கிவிட்டு “18-ஆம் நூற்றாண்டுத் தமிழன் சொன்னான்” என்று மேற்கோள் குறி போடுவது கொஞ்சம் அதிகம்.

கடைசியாக, பட்டியல்களைச் சலிப்பென்று தள்ளாதீர்கள். தன்னிடம் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளை சீகன்பால்கு 1708-இல் குறிப்புகளோடு பட்டியலிட்டிருக்கிறார், திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் உண்டு. அன்றைக்குத் தரங்கம்பாடிப் பக்கம் என்னென்ன நூல்கள் புழங்கின என்று தெரிய, அவருடைய பக்திக் கடிதங்கள் பத்தைவிட எனக்கு இந்தப் பட்டியல் ஒன்றே போதும்.